கோச் போட்ட மார்க்

அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களிடம் ஒரு பழைய ஜோக் உண்டு. 'மைக்கேல் ஜோர்டானை ஒரு மேட்ச்சுக்கு இருபது பாயின்ட்டுக்குள் அடக்கி வைத்த ஒரே ஆசாமி யார்?' ஏழடி உயரத் தடியன் யாராவது இருக்கும் என்று நாம் தலையைச் சொறிவதற்குள் பதில் வந்துவிடும். 'டீன் ஸ்மித்!' எதிர் டீம் ஆள் இல்லை சார். ஜோர்டானின் சொந்த காலேஜ் கோச்!

பி.காம். படித்தவனிடம் ஜோக் சொன்னாலும் முதலில் கூட்டல் சரியா என்றுதான் பார்ப்பான். நார்த் கரோலினா யுனிவர்சிட்டியில் ஜோர்டான் ஆடியது மூன்று சீசன், 1981-லிருந்து 84 வரை. முதல் சீசனில் மேட்ச்சுக்குச் சராசரி 13.5 பாயின்ட். கடைசி சீசனில் 19.6. நடுவில் மட்டும் மிகச் சரியாக 20.0. ஆக, ஜோக் மயிரிழையில் தப்பு. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 17.7. இதே பையன் காலேஜை விட்டு சிகாகோ புல்ஸில் சேர்ந்து, ஆடிய முதல் சீசனிலேயே 28.2. மூன்றாவது சீசனில், அதாவது 1986-87-ல், 37.1!

ஆறு மாசத்தில் ஒரு மனுஷனுக்குக் கை நீளமாகிவிடுமா என்ன? கை அதே கைதான். வாத்தியார்தான் வேறே.

டீன் ஸ்மித்தின் பள்ளிக்கூடத்துச் சட்டம் அப்படி. பந்து ஐந்து பேர் கையிலும் புழங்க வேண்டும். நல்ல வாய்ப்பு கிடைக்கிற வரை பொறுத்திருக்க வேண்டும். கூடையில் போட்டவன், பாஸ் கொடுத்தவனைப் பார்த்து விரலை நீட்டி 'உபயம்: இன்னார்' என்று ஊருக்குக் காட்ட வேண்டும். (நம்மூர்க் கோயில் ட்யூப் லைட்டை நினைத்துக் கொள்ளுங்கள்.) 1982 மார்ச்சில் வர்ஜீனியாவுடன் ஒரு ஃபைனல். எதிர் டீமில் ஏழடி நாலங்குலத்துக்கு ரால்ஃப் சாம்ப்ஸன் என்றொரு பனைமரம். ஸ்மித் என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சம் லீட் கிடைத்ததும், 'கூடைப் பக்கமே போகாதீங்கடா, பந்தை உங்களுக்குள்ளேயே தட்டிக்கிட்டு இருங்க' என்று சொல்லிவிட்டார். நிமிஷக் கணக்கில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசி ஸ்கோர் 47-45. டிக்கெட் வாங்கியவர்கள் வயிறெரிந்தார்கள். அந்தக் கோர்ட்டில் தட்டிக்கொண்டிருந்த பையன்களில் ஜோர்டானும் ஒருவர்! இந்த மாதிரி அழிச்சாட்டியங்களுக்குப் பிறகுதான் காலேஜ் ஆட்டத்திலும் 45 செகண்ட்டுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்று 1985-86 சீசனில் நாடு முழுக்க விதி வந்தது. தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் 1954-லேயே 24 செகண்ட்!

ஸ்மித் பையனைக் கெடுத்துவிட்டார் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. 1988-ல் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும், மிகச் சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரர் விருதும் ஜோர்டானுக்கே கிடைத்தன. பாயின்ட் குவிக்கிற வித்தை அவர் அம்மா வயிற்றிலேயே கற்றதாக இருக்கலாம். எதிராளியை விரட்டி விரட்டி மடக்குகிற வித்தை யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால்தான் வரும். அதுவும் இல்லாமல், 1984-ல் 'இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கிறேன்' என்று தயங்கிய ஜோர்டானை, 'கிளம்புப்பா, நேரம் வந்தாச்சு' என்று அனுப்பி வைத்தவரே ஸ்மித்தான். கம்பெனியின் மிகப் பெரிய சொத்தை முதலாளியே வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மாதிரி!

சரி, காலேஜ் பையன் எப்படி ப்ரொஃபஷனல் ஆகிறான்? 'டிராஃப்ட்' என்று வருஷா வருஷம் ஒரு சடங்கு நடக்கும். கிட்டத்தட்ட கேம்பஸ் இன்டர்வியூ. ஒரே வித்தியாசம், கம்பெனி பையனைத் தேர்ந்தெடுக்கும். பையன் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க முடியாது. போன சீசனில் மண்ணைக் கவ்விய டீம்களுக்கு முன்வரிசை. இரண்டு ரவுண்ட். முதல் ரவுண்டில் நீங்கள் எத்தனாவது ஆளோ அதைப் பொறுத்துத்தான் ஆரம்பச் சம்பளம். 1995-லிருந்து இதற்கு அட்டவணையே போட்டுவிட்டார்கள், நம்ம அரசாங்க ஸ்கேல் மாதிரி. மூன்றாவது ஆளுக்கும் பதின்மூன்றாவது ஆளுக்கும் நடுவில் வீடு, கார், தோட்டம், தங்கை கல்யாணம் எல்லாம் இருக்கிறது.

டீம்காரர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்? காலேஜில் ஆடிய ஆட்டத்தை. வில்லங்கமே அங்கேதான். மார்க் ஷீட்டில் இருப்பது பையனின் மார்க்கா, கோச் போட்ட மார்க்கா? காலேஜ் கோச்சுக்குச் சம்பளம், இந்த சனிக்கிழமை மேட்ச்சை ஜெயிப்பதற்கு. பையனின் எதிர்காலத்துக்கு இல்லை. தன் ஆட்ட முறைக்கு ஒருத்தன் தூணாக நிற்க வேண்டும் என்றால் நிற்க வைப்பார். அவனுக்குச் சிறகு இருந்தால்கூட!

இந்த வாங்கல் விற்றலில் பெரிய பெரிய தலைகளே வழுக்கியிருக்கின்றன. 1984 டிராஃப்ட்டில் ஜோர்டான் போனது மூன்றாவதாக. இரண்டாவது இடத்தில் இருந்த போர்ட்லாண்ட் டீமுக்கு உயரமான சென்டர் ஆட்டக்காரர்தான் தேவையாம். ஸாம் போவி என்பவரை எடுத்துக் கொண்டார்கள். அந்த வருஷம் அமெரிக்க ஒலிம்பிக் டீமுக்குக் கோச், இந்தியானா யுனிவர்சிட்டியின் பாப் நைட். 'ஜோர்டானை எடுங்க' என்று போர்ட்லாண்டுக்குச் சொன்னாராம். 'எங்களுக்கு சென்டர்தானே வேணும்' என்றார்களாம். 'அப்ப அவனையே சென்டரா ஆட வைங்க' என்றாராம் நைட். கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஊரார் பிள்ளையை இத்தனை சரியாக எடை போட்ட பாப் நைட், தன் பிள்ளைகளை என்ன செய்தார்? நைட் ஒரு தனி ரகம். மூன்று தடவை நேஷனல் சாம்பியன்: 1976, 81, 87. இதில் 76-ல் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. அவரிடம் நாலு வருஷம் தாக்குப் பிடித்தவர்களில் டிகிரி வாங்காமல் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். கூடவே, 1985-ல் ரெஃப்ரி மேல் கோபம் வந்து ஒரு நாற்காலியைக் கோர்ட்டின் குறுக்கே விட்டெறிந்த மகானும் அவரே. பிராக்டிஸில் ஒரு பையனின் கழுத்தைப் பிடித்த வீடியோ 2000-ல் டி.வி.யில் வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் அங்கே அவருக்கு வேலை போயிற்று.

நைட்டின் ஆட்டத்தில் ஐந்து பேரும் இடைவிடாமல் ஓடுவார்கள். ஒருவன் தூண் மாதிரி வழியில் நிற்பான். இன்னொருவன் அவனை ஒட்டி ஓடி வந்து, துரத்துகிறவனைத் தூணில் மோத விட்டுவிட்டு, அரை செகண்ட் சும்மா இருக்கிற இடத்தில் பந்தை வாங்கி எறிவான். ஸ்டீவ் ஆல்ஃபோர்ட் இதில் மன்னன். 1987 ஃபைனலில் தூரத்து மூணு பாயின்ட் ஷாட்டாக மட்டும் ஏழு போட்டார்! டிராஃப்ட்டில்? இரண்டாவது ரவுண்ட். நாலு சீசனோடு என்.பி.ஏ. முடிந்தது. அங்கே இவருக்காகத் தூணாக நிற்க நாலு பேர் தயாராக இல்லை. எல்லோருமே அவரவர் ஊரில் ஆல்ஃபோர்ட்!

அதே நைட்டிடம் இருந்த ஐசையா தாமஸ் இரண்டே வருஷத்தில், 1981 கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, நடையைக் கட்டினார். டிராஃப்ட்டில் இரண்டாவது ஆள். டெட்ராய்ட் டீமுக்கு 1989-லும் 90-லும் கோப்பை. நைட்டின் ராணுவ ஒழுங்கு அவருக்கு உதவியதா, அதிலிருந்து சீக்கிரம் தப்பித்தது உதவியதா என்று கேட்டால், இரண்டும்தான் என்பது என் கட்சி. இரண்டு வருஷம் கசக்கிப் பிழிந்தால் முதுகெலும்பு நிமிரும். நாலு வருஷம் பிழிந்தால் சக்கைதான். ஆபீஸில் முதல் மேனேஜரிடம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது ஷிப்ட் சிஸ்டத்துக்கு வருவோம். கென்டக்கி யுனிவர்சிட்டி, கோச் ஜான் கலிபாரி. என்.பி.ஏ.வில் சேர 19 வயசு ஆகியிருக்க வேண்டும், பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருஷமாவது போயிருக்க வேண்டும் என்று 2006 டிராஃப்ட்டிலிருந்து விதி. 'ஒரு வருஷம்தானே, என்கிட்ட வந்து இருங்க' என்று கடை விரித்தவர் கலிபாரி. நாட்டிலிருக்கும் கெட்டிக்காரப் பையன்கள் எல்லாம் அங்கே போய்க் குவிந்தார்கள். 2014-15 சீசனில் கூட்டம் தாங்காமல், தொடக்கத்தில் ஐந்து பேர் ஒரு ஷிப்ட், அடுத்த ஐந்து பேர் அடுத்த ஷிப்ட் என்று மாற்றி மாற்றி இறக்கினார். மில்லில் சங்கு ஊதாததுதான் பாக்கி. தொடர்ந்து 38 மேட்ச் ஜெயித்து, முப்பத்தொன்பதாவதாக செமி ஃபைனலில் விஸ்கான்ஸினிடம் தோற்றார்கள்.

அந்த டீமில் டெவின் புக்கர் என்றொரு ஒல்லிப் பையன். முழு சீசனில் ஒரு மேட்ச்சில்கூட முதல் ஐந்து பேரில் இறங்கவில்லை. சராசரி 10 பாயின்ட். 2015 டிராஃப்ட்டில் கென்டக்கியிலிருந்து மட்டும் ஆறு பேர் போனார்கள். புக்கர் பதின்மூன்றாவதாக ஃபீனிக்ஸுக்கு. (அதே டிராஃப்ட்டில் 52-வதாக டல்லாஸ் எடுத்தது நம்ம பஞ்சாபின் சத்னாம் சிங்கை. இந்தியாவில் பிறந்தவர்களில் முதல் ஆள்.) அப்புறம் ஒன்றேமுக்கால் வருஷம். 2017 மார்ச் 24, பாஸ்டன். இருபது வயசு புக்கர் ஒரே மேட்ச்சில் 70 பாயின்ட்! காலேஜில் ஏழு மேட்ச்சில் எடுத்ததை ஒரு ராத்திரியில் எடுத்துவிட்டார். அந்த மேட்ச்சில் ஃபீனிக்ஸ் தோற்றது வேறு விஷயம்.

அப்போ அந்தப் பத்து யாருடையது? ஷிப்டுடையது. பந்து ஒன்று, பசி பத்துப் பேருக்கு. கலிபாரியைத் திட்டுகிறவர்கள், 'ஏழெட்டு மாசத்தில் என்ன பெரிசாச் சொல்லிக் கொடுத்தார்? தானா வளர்ந்த மரம்' என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் ராஜாவாக இருந்தவனை பெஞ்ச்சில் உட்கார வைத்து, 'கூப்பிடும்போது வா, பத்து நிமிஷத்தில் வேலையைக் காட்டு, திரும்பிப் போய் உட்கார்' என்று சொல்லி, அவனும் முகம் சுளிக்காமல் செய்தான் என்றால் அது சாதாரணப் பாடம் இல்லை. என்.பி.ஏ.வில் முதல் வருஷம் பெரும்பாலானவர்களுக்கு அதே வேலைதானே.

இதற்கு நேர் எதிர்த் துருவம் பால் வெஸ்ட்ஹெட். ஷேக்ஸ்பியர் பாடம் நடத்திய பேர்வழி. லாஸ் ஏஞ்சலீஸில் லயோலா மேரிமவுண்ட் என்கிற சின்னக் காலேஜுக்குக் கோச். அவருடைய தத்துவம் ரொம்ப எளிமை: பந்து கைக்கு வந்து ஏழு செகண்ட்டுக்குள் எறி. விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி. எதிராளி போட்டால் போடட்டும், நீ அதற்கு முன்னால் இரண்டு போடு. 1989-90 சீசனில் டீம் சராசரி 122.4 பாயின்ட்! நாற்பது நிமிஷ ஆட்டத்தில்!

ஹாங்க் கேதர்ஸ், போ கிம்பிள் என்று இரண்டு நண்பர்கள் அங்கே. ஃபிலடெல்ஃபியாவில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். 1990 மார்ச் 4-ஆம் தேதி, ஆடிக்கொண்டிருக்கும்போதே இதயக் கோளாறால் கேதர்ஸ் சுருண்டு விழுந்து இறந்துபோனார். வயசு 23. அடுத்து நடந்த நேஷனல் டோர்னமென்ட்டில் ஒவ்வொரு மேட்ச்சிலும் தன் முதல் ஃப்ரீ த்ரோவை கிம்பிள் இடது கையால் போட்டார். கேதர்ஸ் அப்படித்தான் போடுவார் என்பதற்காக. போட்ட ஒவ்வொன்றும் உள்ளே விழுந்தது. போன வருஷச் சாம்பியன் மிச்சிகனை 149-115 என்று துவைத்து, கடைசி எட்டு டீம் வரைக்கும் வந்தார்கள்.

கிம்பிளின் அந்த சீசன் சராசரி 35.3. தேசத்திலேயே முதலிடம். டிராஃப்ட்டில் எட்டாவது ஆளாக, அதே ஊர் கிளிப்பர்ஸ் டீமுக்குப் போனார். மூன்று சீசன். சராசரி 5.5. அவ்வளவுதான். இதை எழுதும்போது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பையன் மோசமில்லை. அந்த 35-ல் வேகம் போட்ட பங்கு எவ்வளவு, கிம்பிள் போட்ட பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமலே விலை போட்டார்கள். பிற்பாடு 'ஏமாற்றிவிட்டான்' என்று முத்திரை விழுந்தது என்னவோ அவர் முதுகில்தான். கோச்சின் முதுகில் இல்லை.

கோச்சுக்கும் விழாமல் போகவில்லை, சொல்லிவிடுகிறேன். அதே வருஷம் வெஸ்ட்ஹெட் தன் சித்தாந்தத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்.பி.ஏ.வின் டென்வர் டீமுக்குப் போனார். டென்வர் சராசரியாக 119.9 பாயின்ட் போட்டது. பிரமாதம்! வாங்கிக் கட்டிக்கொண்டது 130.8. நவம்பரில் ஃபீனிக்ஸ் டீம் இவர்களை முதல் பாதியில் மட்டும் 107 பாயின்ட் அடித்தது. சீசன் முடிவில் 20 ஜெயிப்பு, 62 தோல்வி. காலேஜ் பையன்களை மூச்சு வாங்க வைத்து ஜெயிக்கலாம். சம்பளத்துக்கு ஓடுகிறவனுக்கு மூச்சு அவ்வளவு சீக்கிரம் வாங்காது.

ஸிராக்யூஸ் யுனிவர்சிட்டியில் ஜிம் போஹைம் 1976-லிருந்து 2023 வரை இருந்தார். எதிராளியை ஆளுக்கு ஒருவராகத் துரத்தாமல், முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் என்று இடத்தைக் காவல் காக்கிற 'ஸோன்' முறைதான் அவருடைய வேதம். என்.பி.ஏ.விலோ 2001 வரை ஸோனுக்குத் தடையே இருந்தது. அவரிடமிருந்து வந்த ஒவ்வொரு பையனையும் 'இவனுக்கு ஆளைத் துரத்தத் தெரியுமா?' என்றுதான் முதலில் கேட்டார்கள். நம்ம பக்கத்தில் 'தமிழ் மீடியமா?' என்று கேட்கிற அதே தொனிதான்.

இத்தனை பேரில் எனக்குப் பிடித்தவர் யார் என்றால், அதிகம் பேருக்குத் தெரியாத பாப் மக்கிலப். நார்த் கரோலினா மாநிலத்திலேயே டேவிட்ஸன் என்று ஒரு சின்னக் காலேஜ். மொத்த மாணவர்களே இரண்டாயிரத்துக்குள். 2006-ல் அங்கே ஒரு நோஞ்சான் பையன் சேர்ந்தான். அப்பா என்.பி.ஏ.வில் ஆடியவர். அப்பா படித்த யுனிவர்சிட்டியே பையனுக்கு ஸ்காலர்ஷிப் தரவில்லை. அவன் பெயர் ஸ்டெஃப் கரி.

முதல் மேட்ச், ஈஸ்டர்ன் மிச்சிகனுடன். கரி பந்தை எதிராளியிடம் பறிகொடுத்தது எத்தனை தடவை? பதின்மூன்று! ஆபீஸில் சேர்ந்த முதல் நாளே பதின்மூன்று செக்கில் தொகையைத் தப்பாக எழுதினால் என்ன நடக்கும், யோசியுங்கள். பாப் நைட்டாக இருந்தால் நாற்காலி எந்தப் பக்கம் பறந்திருக்குமோ! மக்கிலப் அவனை வெளியே இழுத்து ஒதுக்கவில்லை. அடுத்த மேட்ச்சிலும் இறக்கினார், மிச்சிகனுடன். 32 பாயின்ட்.

அந்த முடிவை எடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நாளைக்குத் தோற்றால் கேள்வி கேட்பது கோச்சைத்தான். இன்னொருவனை இறக்கி விட்டு பையனை ஒரு மாசம் உட்கார வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பையன் அப்புறம் ஒவ்வொரு பாஸுக்கும் பெஞ்ச்சைத் திரும்பிப் பார்த்திருப்பான். முப்பதடி தூரத்திலிருந்து எறிகிறவனுக்குப் பெஞ்ச்சைப் பார்க்கிற பழக்கம் மட்டும் இருக்கவே கூடாது.

மக்கிலப் ஆட்டத்திலும் நைட் மாதிரியே ஓட்டம்தான், தூண்தான். பந்து கையில் இல்லாதபோதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 2008 நவம்பரில் லயோலா மேரிலாண்ட் கோச்சுக்கு ஒரு விபரீத யோசனை. மேட்ச் முழுக்க கரி மேல் இரண்டு பேரை ஒட்ட வைத்தார். கரி என்ன செய்தார்? ஒரு மூலையில் போய் நின்றுகொண்டார்! இரண்டு பேரும் அவருக்குக் காவல். மீதி நாலு பேர், அவர்களுடைய மூன்று பேரை 30 பாயின்ட் வித்தியாசத்தில் துவைத்தார்கள். கரியின் ஸ்கோர் பூஜ்யம். தேசத்திலேயே அதிகச் சராசரி (28.6) எடுத்த சீசனில் இந்தப் பூஜ்யமும் அடக்கம். டீன் ஸ்மித் பார்த்திருந்தால் விரலை நீட்டியிருப்பார்.

அந்த மூன்றாவது வருஷம் கரி காலேஜில் தங்கியதற்கே ஒரு காரணம் உண்டு. என்.பி.ஏ.வில் தன் உயரத்துக்குப் பந்தை நடத்திச் செல்கிற பாயின்ட் கார்டு வேலைதான் கிடைக்கும் என்று தெரிந்து, அதைப் பழகத் தங்கினார். மக்கிலப் தன் மிகப் பெரிய ஷூட்டரை இடம் மாற்றி அந்த வேலையில் போட்டார். அந்த சீசனில் டேவிட்ஸன் முந்தின வருஷம் மாதிரி கலக்கவில்லை. பையன் ஏழாவது ஆளாக கோல்டன் ஸ்டேட் டீமுக்குப் போனான். 2014-ல் ஸ்டீவ் கெர் அங்கே கோச்சாக வந்ததும் பந்து இல்லாமலும் ஓடுகிற அந்தப் பழைய டேவிட்ஸன் வித்தைக்கு வேலை வந்தது. நாலு கோப்பை: 2015, 17, 18, 22.

இப்போது காலேஜ் கோச்சின் பாடு கொஞ்சம் திண்டாட்டம். 2021-லிருந்து காலேஜ் பையன்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், வேறு காலேஜுக்கு மாறினால் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டியதில்லை. 2025 ஜூலையிலிருந்து காலேஜே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். நாற்காலியை விட்டெறிந்தால் பையன் அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த காலேஜுக்கு போன் போடுவான். பையனுக்கு நல்லதுதான். ஆனால் பதின்மூன்று தடவை பந்தைத் தவறவிட்ட பையனைக் கோச் பொறுத்துக்கொள்ள இப்போது என்ன காரணம் இருக்கிறது? கோச்சும் போன் போடலாமே.

டீன் ஸ்மித் 2015 பிப்ரவரியில் காலமானார். அடுத்த மாசம் அவரிடம் ஆடிய பழைய பையன்கள் சுமார் 180 பேருக்குத் தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே இருநூறு டாலருக்கு ஒரு செக். 'என் செலவில் வெளியே போய் நல்லதாக ஒரு சாப்பாடு சாப்பிடுங்கள்' என்று உயில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். என்.பி.ஏ.வுக்குப் போனவன், போகாதவன், பெஞ்ச்சிலேயே நாலு வருஷம் கழித்தவன் எல்லோருக்கும் அதே இருநூறு. மைக்கேல் ஜோர்டானுக்கும் பைசா கூடுதல் இல்லை.